ஆறாவது படிக்கிற பையன் சொன்னாதான் புக்கை எடுக்குறான், தானா படிக்க வைக்க என்ன பண்றது?

மொதல்ல அவன சோம்பேறின்னு சொல்றத நிறுத்துங்க. திட்டம் போடுறது, வேலைய நேரத்துக்கு ஆரம்பிக்கிறது, கவனம் செதறாம இருக்கிறது இதெல்லாம் பாத்துக்கிறது மூளையோட முன்பகுதி, அது முழுசா வளந்து முடிய 25 வயசு கிட்ட ஆயிடும், பதினோரு வயசுப் பையன்கிட்ட இப்பவே எதிர்பாத்தா எப்படிங்க. அதுவரைக்கும் வெளியில இருந்து நாமதான் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கணும்.

எங்க வீடு கேரளால பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை, பொண்ணு தமிழ் மீடியம். ஓணப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் நோட்டையே தேடுவா. "போய்ப் படி"ன்னா ஒண்ணும் நடக்கல, "மூணாவது பாடத்துல அஞ்சு கணக்கு, முடிச்சிட்டு வெளையாடப் போ"ன்னதும் உக்காந்துட்டா. எங்க ஆரம்பிக்கணும்னே தெரியாமதான் பாதிப் பேரு முழிக்கிறாங்க.

சாயங்காலம் சாயா குடிச்ச டம்ளர கழுவி வச்சதும் புக்கு, தெனமும் அதே எடம், போன் அடுத்த ரூம்ல (என் போனும்தான், அதுதாங்க கஷ்டம்). ராத்திரி பைய அவளேதான் அடுக்கணும், நான் "நாளைக்கு என்னென்ன பீரியட்?"னு மட்டும் கேப்பேன். ஒருநாள் ஜாமெட்ரி பாக்ஸ விட்டுட்டுப் போனா, நான் கொண்டு போய்க் குடுக்கல. ரெண்டு மாசம் ஆச்சு, சயின்ஸுக்கு மட்டும் இன்னும் பக்கத்துல உக்கார வேண்டியிருக்கு.