வெட்டுக்காயப் பூண்டு எண்ணெயில் பூசணம்

வெட்டுக்காயப் பூண்டு (காயத்துக்குத் தடவும் மூலிகைச் செடி, சமையல் பூண்டு அல்ல) போட்ட எண்ணெயில் பூசணம் பிடித்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள், வடிகட்டியெல்லாம் காப்பாற்ற முடியாது. வெட்டுக்காயப் பூண்டைக் கழுவிய கையோடு பச்சையாகவே எண்ணெயில் போட்டு 10 நாள் வெயிலில் வைத்தேன் என்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் அங்கேதான்: இலையோடு போன தண்ணீர்.

அடுத்த முறை இலையை நிழலில் உலர்த்தி, எண்ணெயில் போட்டு, சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். அப்புறம் ஒரு பஞ்சுத்திரியை அந்த எண்ணெயில் நனைத்து, சட்டியிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, சத்தமில்லாமல் எரிந்தால் சரி. தைலம் காய்ச்சுகிறவர்களின் பழைய சோதனைதான்.

வெட்டுக்காயப் பூண்டு சாமந்திக் குடும்பத்துச் செடி, சிலருக்குத் தோல் அரிக்கும். முதலில் முன்கையில் எண்ணெயை ஒரு சொட்டு தடவி 2 நாள் பொறுங்கள். ஆழமான வெட்டு, மண் பட்ட காயம் என்றால் இதைத் தொடவே வேண்டாம், டெட்டனஸ் ஊசிக்குக் கிளம்புங்கள்.