எஸ்எஸ்சி தேர்வில் இருசமபக்க முக்கோணக் கணக்குகளை வேகமாகப் போடுவது எப்படி?

கோச்சிங் சென்டரில் கொடுத்த சூத்திர நோட்டை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை மூடி வையுங்கள். எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி, தப்பான விடைக்கு அரை மார்க் போய்விடும். அந்த அவசரத்தில் நாலால் பெருக்கணுமா வகுக்கணுமா என்று சந்தேகம் வந்தாலே கதை கந்தல்.

நான் நம்பியது ஒரே ஒரு நேர்கோட்டைத்தான். சமமான இரண்டு பக்கங்களும் சேரும் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறக்கினால், அது அடியைச் சரிபாதியாக வெட்டும். அப்புறம் பிதாகரஸ்தான். வகுப்பில் ஒருநாள் 13, 13, 10 பக்கங்களைக் கொடுத்துப் பரப்பளவு கேட்டார் சார். அவரே போர்டில், மூன்று பக்க அளவையும் வைத்துப் பரப்பளவு காணும் ஹெரான் சூத்திரத்தை எழுதி, சுற்றளவில் பாதி 18 என்று தொடங்கி, வர்க்கமூலத்துக்குள் 18 × 5 × 5 × 8 என்று பெருக்கிக்கொண்டிருந்தார். பத்தில் பாதி 5. பக்கம் 13 என்றால் உயரம் 12. ஐந்து பன்னிரண்டு அறுபது என்று பின் பெஞ்சிலிருந்து சொன்னேன். "ஆப்ஷனைப் பார்த்து அடிச்சியா?" என்றார். போர்டில் ஆப்ஷனே இல்லை!

ஹெரானைக் குறை சொல்வதாக நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூன்று பக்கமும் வேறுவேறாக இருந்தால் அவர்தான் கைகொடுப்பார். 7, 7, 6 என்று வந்தால் உயரம் முழு எண்ணாக வராது, √40 வரும். அதனால் என்ன, பரப்பளவு 6√10 என்று ஆப்ஷனில் இருக்கும்.

இதில் வேடிக்கை, பாதியிலேயே நான் நின்றுவிட்ட அதே சென்டர், ரிசல்ட் வந்ததும் என் போட்டோவை ஃபிளெக்ஸில் போட்டுவிட்டது. எடுங்கள் என்று போன் போட்டால், "உங்களுக்கும் விளம்பரம்தானே தம்பி" என்கிறார்கள். நான் கட்டிய பாக்கி ஃபீஸைத் திருப்பிக் கேட்டால் மட்டும் லைன் கிடைக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டு பக்கங்கள் 4, 9 என்று கொடுத்துச் சுற்றளவு கேட்பார்கள். ஆப்ஷனில் 17, 22 இரண்டுமே இருக்கும். 4, 4, 9 என்று முக்கோணமே அமையாது, நாலும் நாலும் எட்டுதானே. ஆக 22. கோணத்திலும் இதே வேலைதான். 'ஒரு கோணம் 40' என்றால் அது உச்சியா அடியா என்று பார்க்காமல் 70-ஐ கிளிக் செய்துவிடாதீர்கள், 40 அடியில் இருந்தால் உச்சி 100 வரும். 100 என்றே கொடுத்திருந்தால் யோசிக்க வேண்டாம், அது உச்சிதான். அடியில் இரண்டு நூறு வைக்க 180-இல் இடமில்லை.