செட்டிநாட்டுச் சமையலில் உப்பு: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடியிலிருந்து: "ஆச்சி, எங்கள் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு எவ்வளவு உப்புச் சேர்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கை அளவில்தான் போடுகிறோம்."

கையை விடுங்கள், பாக்கெட்டைக் கணக்கெடுங்கள். புதிதாக ஒரு கிலோ உப்புப் பிரிக்கும்போது தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேருக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது. மீன் கழுவ எடுக்கும் உப்பைத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் கெட்டுப்போகும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், முறுக்கு, ஓட்டல் சாப்பாடு எதுவும் இந்தக் கணக்கில் வராது. அதனால் பாக்கெட் 60 நாள் வந்தால்தான் நிம்மதி என்பேன்.

"கல் உப்பு நல்லது, தூள் உப்புதான் கெடுதல் என்கிறார்களே? இந்துப்புக்கு மாறலாமா?"

எடைக்கு எடை மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்துப்பிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். மீதியுள்ள தாதுக்கள் சிறு துளி, உடம்புக்குக் கணக்கில் வராது. கல் உப்பில் இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டியில் சற்றுக் குறைவாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பார்ப்பது அயோடின். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும். கடல் மீன் அடிக்கடி சேராத வீட்டில் உப்புதான் அதற்கு வழி. இந்துப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காமல் வருகிறது. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் திறந்த ஜாடியில் வைத்தால் ஆவியிலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும். மூடி போட்டுத் தள்ளி வையுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: "அப்பச்சிக்கு பிரஷர். குழம்பில் உப்பைக் குறைத்தும் அளவு இறங்கவில்லை. எங்கே தப்பு?"

இலையில் குழம்புக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள் என்று பாருங்கள். மோர் மிளகாயையே எடுத்துக்கொள்வோம். அரை கிலோ மிளகாய்க்கு 60 கிராம் உப்புப் போட்டு, பகலில் காயவைத்து ராத்திரி அதே மோரில் திரும்பப் போடுகிறோம். மோர் முழுக்க உள்ளே இழுத்துவிடும், உப்பு வெளியே போக வழியில்லை. அதில் 120 மிளகாய் இருந்தால் ஒன்றுக்கு அரை கிராம். சாப்பாட்டோடு மூன்று கடித்தால் ஒன்றரைக் கிராம், அதாவது ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. உப்புப் போட்டுக் காயவைத்த சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தல், உப்புக்கண்டம், கருவாடு எல்லாம் இதே கதைதான். தண்ணீர் வற்றும், உப்பு நிற்கும்.

அப்பளத்தில் உப்புக்கு மேல் அப்பளக்காரமும் இருக்கிறது. உப்பில் பிரஷரை ஏற்றும் சோடியம் அதிலும் உண்டு. பொங்கிவரும் வாயுப் பொடி, தண்ணீரில் கரையும் வலி மாத்திரை இவற்றிலும் சோடியம் உண்டு. அப்பச்சி தினமும் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வத்தக்குழம்புக்கு வத்தலை வெந்நீரில் 10 நிமிஷம் போட்டு, பிழிந்து, பிறகு வதக்குங்கள். உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, இறக்கும் சமயம் ருசி பாருங்கள். பல நாள் மேற்கொண்டு தேவைப்படாது. கருவாட்டை வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று தடவை அலசினால் ஓரளவு இறங்கும். முழுதும் இறங்காது, அதனால் பிரஷர்காரருக்கு அது தினப்படி உணவு இல்லை.

"உப்பைக் குறைத்தால் வீட்டில் யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள்."

ஒரேயடியாகப் பாதியாக்கினால் அப்படித்தான். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவு கரிக்கும்.

செய்முறையிலும் இடம் இருக்கிறது. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறும். எனவே ஆரம்பத்தில் போடாமல், சுண்டி முடிந்ததும் போடுங்கள். புளிப்பு உப்பைத் தூக்கிக் காட்டும். வெண்டைக்காய் மண்டிக்கு, அரிசி கழுவிய தண்ணீரில் கரைத்த புளி சரியாக நின்றால் வழக்கமான உப்பில் முக்கால் பங்கே போதும். பொரியலுக்கு இறக்கிய பிறகு தூவினால் உப்பு மேலேயே நிற்கும், நாக்கில் முதலில் படும். மிளகு, சோம்பு, வறுத்து அரைத்த மசாலா வாசனையும் கை கொடுக்கும். செட்டிநாட்டுச் சமையலில் உப்பைக் குறைப்பது மற்ற சமையலைவிட எளிது. சோறு வடிக்கும்போது உப்புப் போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

"குழம்பில் உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளுமாமே?"

கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் இழுக்கும், உப்பை மட்டும் தனியே பிரித்து எடுக்காது. மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் நிற்கும். ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, உப்பில்லாத தேங்காய்ப் பாலோ வெந்த பருப்போ சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். வெல்லம் போட்டால் கரிப்பு மறையும், உப்பு அப்படியே இருக்கும். பிரஷர்காரருக்கு அந்தக் குழம்பைப் பரிமாறாதீர்கள்.

புதுவயலிலிருந்து: "ஊறுகாயிலும் உப்பைக் குறைக்கலாமா?"

கூடாது. மாங்காய் ஊறுகாயில் உப்புக் குறைந்தால் பூஞ்சை பிடித்துக் கெடும். ஊறுகாயைச் சரியான உப்பில் போட்டு, இலையில் அளவைக் குறையுங்கள், சுண்டைக்காய் அளவு போதும்.

"சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, வாங்கலாமா?"

அதில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பலன் உண்டு. 2021-ல் வெளியான பெரிய சீன ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் சில பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஒரே அடுப்பில் வீடு முழுக்கச் சமைக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

"பாக்கெட்டில் சோடியம் என்று மட்டும் போட்டிருக்கிறதே?"

இரண்டரையால் பெருக்குங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம்.

"பேரனுக்கு எட்டு மாதம். பருப்புச் சாதத்தில் துளி உப்பு?"

ஒரு வயது வரை வேண்டாம். குழந்தைக்கு வேண்டிய சோடியம் பாலிலும் உணவிலுமே இருக்கிறது, சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. குழம்புக்கு உப்புப் போடுமுன் பருப்பை எடுத்து வைத்துவிடுங்கள்.

"வெயிலில் வேலை பார்க்கிறவர்கள் உப்பைக் குறைத்தால் மயக்கம் வராதா?"

வீட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு உப்பே போதும். வயலில், கட்டட வேலையில் சட்டை நனைய வேர்ப்பவர்கள் ஒரு லிட்டர் நீர்மோருக்குத் தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்புப் போட்டுக் குடிக்கலாம். பேதிக்கு அது போதாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதற்கு மேல் போனால் ஆபத்து.

பள்ளத்தூரிலிருந்து: "ஆயாவுக்கு 80 வயது. பிரஷருக்காக உப்பே இல்லாமல் கொடுக்கிறோம். ரொம்பச் சோர்வாக இருக்கிறார்கள்."

முதலில் ரத்தத்தில் சோடியம் அளவைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். வயதானவர்கள் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு உப்பையும் அறவே விட்டால் சோடியம் இறங்கிவிடும். சோர்வு, தள்ளாட்டம், நேற்றுச் சொன்னதை மாற்றிச் சொல்வது எல்லாம் அதன் அறிகுறியாக இருக்கலாம். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. நீங்களாக உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். இறங்கிய சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளையைப் பாதிக்கும். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதிக் காட்டுங்கள்.