அசையாத எண்

அன்புள்ள ஐயா,

முடுக்கி இயற்பியலில் ஆய்வு செய்ய வந்த என்னைக் கற்றை அளவீட்டுக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் எலக்ட்ரான் கற்றையை உருவாக்குகிறார்கள், வளைக்கிறார்கள். நாங்கள் மீட்டர் பார்க்கிறோம். கற்றையின் பருமனை அளக்க ஒளிரும் திரை சிறந்ததா, குறுக்கே ஓடும் கம்பி சிறந்ததா? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இத்துறையில் நீடிப்பதில் பொருள் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வந்த இடம் நினைத்த இடமாக இல்லாதபோது ஏற்படும் மனச்சோர்வு எனக்கும் தெரியும். அதற்காக, உடன் வேலை செய்பவர்களின் உழைப்பை "மீட்டர் பார்க்கிறோம்" என்று எழுதுவதை ஏற்க முடியாது.

திரையா, கம்பியா என்ற வழக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. திரை ஒரே துடிப்பில் முழு உருவத்தையும் காட்டும், ஆனால் கற்றையைச் சிதைக்கும். கம்பி பல துடிப்புகளை எடுத்துக்கொண்டு அகலத்தை மட்டும் தரும். ஸ்டான்ஃபோர்டின் எக்ஸ்-கதிர் லேசரில், இறுக்கப்பட்ட எலக்ட்ரான் திரளின் ஒளி ஒத்திசைந்து பெருகித் திரையின் படத்தையே நம்ப முடியாதபடி செய்ததால், கம்பியைத்தான் நாடினார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய கவலையை உங்கள் மேலாளர்களுக்கு விட்டுவிடுங்கள்.

சில காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. கற்றையின் இடத்தைக் காட்டும் உணர்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிடக் குழாயின் சுவரில் பொத்தான் போன்ற நான்கு மின்வாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். எளிமைக்காக, இரண்டு மேலும் கீழும் நேர் எதிராக இருப்பதாகக் கொள்வோம். கற்றை கடக்கும்போது அருகிலுள்ளதில் கூடுதலாகவும் தொலைவிலுள்ளதில் குறைவாகவும் மின்துடிப்பு எழும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, குழாய் ஆரத்தின் பாதியால் பெருக்கினால், ஏறக்குறைய கற்றையின் இடம் கிடைக்கும். ஆரம் 20 மில்லிமீட்டர் என்றால், ஒரு மைக்ரான் நகர்வைக் காண அந்த வகுத்த எண்ணில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற மாற்றத்தை உணர வேண்டும். இப்போது மேல் மின்வாயின் கேபிள் சற்றுச் சூடாகி, அதன் வழியே வரும் சைகை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது. கற்றை இம்மியும் நகரவில்லை. கணினியோ அது 5 மைக்ரான் கீழே இறங்கிவிட்டதாகச் சொல்கிறது. எலக்ட்ரான் கற்றையிலிருந்து எக்ஸ்-கதிர் எடுக்கும் இன்றைய ஒளி மூலங்கள் பலவற்றில் கற்றையின் செங்குத்துப் பருமனே 10 மைக்ரான் அளவில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதோடு நின்றால் பாதகமில்லை. எண் இறங்கியதைக் கண்ட பின்னூட்ட அமைப்பு, திருத்தும் காந்தங்களை இயக்கிக் கற்றையை மேலே தூக்கிவிடும். எண் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எண் அசையாதிருக்கும்பொருட்டுக் கற்றை அசைக்கப்படுகிறது, அதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியடைகிறார்கள்!

நான் பணியாற்றிய ஓர் ஒளி மூலத்தில் இது நடந்தது. ஓர் எக்ஸ்-கதிர் நிலையத்தில், மாதிரியின்மேல் விழும் ஒளிப்புள்ளி பிற்பகல்தோறும் மெல்ல விலகி, இரவில் திரும்பிவிடும். கட்டுப்பாட்டு அறையைக் கேட்டால், இடம்காட்டியின் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கிறது, கோளாறு உங்கள் கண்ணாடிகளில்தான் என்று பதில் வரும். நிலையத்தை நடத்திய அம்மையார் சண்டை போடவில்லை. மின்னணு அடுக்கின் கதவைத் திறந்து கேபிள்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று ஒரே கட்டாக இருந்தன. நான்காவது மட்டும் தனியாக விலகி, ஒரு மின்வழங்கியின் வெப்பக் காற்று படும் இடத்தில் தொங்கியது. அதையும் கட்டோடு சேர்த்துக் கட்டினார். புள்ளி நின்றது. அந்த விலகல் முழுவதும், திருத்தும் காந்தங்களின் மின்னோட்டப் பதிவில் நாள் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. கோடு நேராக இருந்ததால் அதை யாரும் புரட்டவில்லை.

ஐரோப்பிய துகள் ஆய்வுக்கூடமான செர்னில் 1989 முதல் 2000 வரை இயங்கிய லெப் முடுக்கியின் கதையைப் படியுங்கள். நிலவின் ஈர்ப்பால் நிலம் உப்பி வடிய, 27 கிலோமீட்டர் வளையம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கியது. கற்றையை முடுக்கும் ரேடியோ அதிர்வெண் பாதையின் நீளத்தைக் கட்டிப்போட்டிருந்ததால், கற்றை காந்த மையங்களை விட்டு விலகி ஓடியது. 45 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு ஊசலாட்டம். இஸட் துகளின் நிறையை ஏறக்குறைய 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் துல்லியத்தில் சொன்னவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லியிருக்க முடியாது. காந்தப்புலம் பகலில் துள்ளி நள்ளிரவுக்குப் பின் அடங்குவதைக் கவனித்து, பிரெஞ்சு ரயில்களின் மின்னோட்டம் தரைவழியே கசிந்து வெற்றிடக் குழாயில் பாய்வதையும் கண்டுபிடித்தார்கள். அவர்களும் மீட்டர் பார்த்தவர்கள்தாம், தம்பி.

உங்கள் வளையத்தில் இடம்காட்டிகளின் சுழி எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்று நாளைக்கே கேளுங்கள். கற்றையைக் குவிக்கும் நால்முனைக் காந்தம் ஒவ்வொன்றின் வலிமையையும் சிறிது மாற்றி, அப்போது கற்றை எங்கும் நகராத இடத்தைத் தேடி எடுத்தார்களா, அல்லது கருவியைப் பொருத்திய நாளில் கிடைத்த எண்ணே இன்றும் ஓடுகிறதா? முந்தையது என்றால், எந்த ஆண்டு? பதிலை எனக்கும் எழுதுங்கள்.