மாடியில் 40 செடித் தொட்டி வைத்தும் கீழ் அறை வேகிறதே?

தொட்டிகளை இன்னும் கூட்டிப் பயனில்லை, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள்.

இரவு 10 மணிக்கும் அனல் குறையவில்லை என்கிறீர்கள். பிற்பகல் முழுக்கச் சாய்வெயில் வாங்கும் செங்கல் சுவர், அந்தச் சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். என் சந்தேகம் அதன் மேல்தான். இலைகள் ஆவியாக்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் மாடிக் காற்றோடு போய்விடும். தெருவுக்கு நல்லது, உங்கள் அறைக்கு உதவுவது நிழல்.

இன்று இரவு 8 மணிக்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையையும் தொடுங்கள்.

1. சுவர் சுட்டால், ஓர் அடி தள்ளிக் கம்பிவலை கட்டித் தரையிலிருந்து கோவைக்கொடி ஏற்றுங்கள். சுவரோடு ஒட்டிப் படரவிட்டால் ஈரம் கோக்கும்.

2. கூரை சுட்டால், தொட்டிகளுக்கு நடுவே காயும் தளத்தின் மேல் அவரைப் பந்தல் போடுங்கள். கொடி ஏறும்வரை நிழல்வலை போதும்.

தளத்தில் மண்ணைப் பரப்பிப் புல் வளர்க்கும் யோசனையை மட்டும் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். 10 செ.மீ. ஈரமண்ணே சதுர மீட்டருக்கு 160 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை 150 கிலோதான். தண்ணீர்த் தொட்டி வேறு அங்கேதானே நிற்கிறது?