வீட்டை உறுதி செய்யாமல் விமானம் ஏறாதே

நாகர்கோவிலிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு,

கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஆன்டிகனிஷ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கணவரும் நாலு வயது மகளும் கூடவே வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். குளிர் தாங்குமா, பள்ளிக்கூடம் எப்படி, நம்ம ஊர்ச் சாமான் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: "கிராமம்தானே அக்கா, வீடு வந்து பார்த்துக்கலாம் இல்லையா?"

அந்தக் கடைசி வரிதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 பிப்ரவரியில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும், மஞ்சள் பஸ் வந்து கூட்டிப்போகும். குளிருக்கான கோட்டை இங்கே வந்து வாங்கு. கறிவேப்பிலைக்கு மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸ் போக வேண்டும், காரில் இரண்டு மணி நேரம். இதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிடும். வீடு அப்படி இல்லை.

கிராமம் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? வாடகை மலிவு, பாதித் தெரு பூட்டிக் கிடக்கும், யாரிடமாவது சாவி வாங்கிக் குடிபோகலாம். இங்கே கதை வேறு. வீடுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே வகை. பெரிய நிலத்தின் நடுவில், ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய பெரிய மரவீடு. அதை விலைக்கு வாங்கலாம். தனியாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கோ, கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதிக்கோ வாடகைக்கு ஓர் அறை, இரண்டு அறை வீடு என்று தேடினால் அப்படி ஒன்று கட்டப்பட்டதே இல்லை. டவுனுக்குள் இருப்பதைச் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை பல்கலைக்கழக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கோடையில் பக்கத்துத் தீவான கேப் பிரெட்டன் போகிற சுற்றுலாக்காரர்கள் வாரக் கணக்கில் கேட்கிறார்கள். வருடம் முழுக்க அங்கேயே வேலை செய்கிறவளுக்குத்தான் இடம் இல்லை.

என் முதல் வீடு ஒரு பழைய பண்ணை வீட்டின் மாடி. படத்தில் மேப்பிள் மரமும் வெள்ளை வேலியும் பார்த்து மயங்கி, எங்கள் ஊரான மணப்பாட்டில் இருந்தபடியே பணம் அனுப்பிவிட்டேன். அந்தக் குளிர்காலம் இந்தப் பக்கத்தில் பனி கொட்டித் தீர்த்த குளிர்காலம். சன்னல் இடுக்கெல்லாம் காற்று. வாடகையில் வெப்பம் சேராது என்பது எனக்குத் தெரியாது. நிலவறையில் எண்ணெய்த் தொட்டி ஒன்று இருக்கும், அதை நாம்தான் நிரப்ப வேண்டும், ஒரு தடவை நிரப்பினால் 800 டாலருக்கு மேல் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை இரவு எண்ணெய் தீர்ந்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு அணைந்துவிட்டது. வெளியே மைனஸ் 20. வேலைக்குப் போடும் இரண்டு சீருடையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, சமையலறை மின் ஓவனைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து விடியவைத்தேன். அம்மாவிடம் போனில், "வீடு வசதியாக இருக்கிறது" என்றுதான் சொன்னேன்.

ஜூன் மாதம் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, ஒப்பந்தம் முடிந்தது, ஜூலை முதல் தேதி சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள் என்றார். சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே அது இருந்தது.

இதைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து ஒத்திக்கு இருப்பது. இங்கே வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் அதற்கு லீஸ் என்றுதான் பெயர். அதில் இரண்டு வகையைத் தெரிந்துகொள். ஆண்டுக்கு ஆண்டு தானாகத் தொடர்வது ஒன்று. சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் உன்னை அதிலிருந்து வெளியேற்ற முடியாது. இன்னொன்று ஃபிக்ஸ்டு டெர்ம். அதில் போட்ட தேதி வந்ததும் நீ கிளம்ப வேண்டும், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை. நோவா ஸ்கோஷியாவில் வாடகையை வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது, 2027 முடியும்வரை. ஆனால் அது ஏற்கெனவே குடியிருப்பவருக்குத்தான் காவல். அவரை ஃபிக்ஸ்டு டெர்ம் முடிந்தது என்று அனுப்பிவிட்டுப் புதிதாக வருகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி வாடகைதாரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

அட்வான்ஸ் அரை மாத வாடகைக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியதால், ஒருவர் மூன்று மாதம் முன்பணம் கேட்டால்கூட நமக்குக் குறைவாகத் தெரியும். கொடுக்காதே. வீட்டை நேரில் பார்த்த ஒருவர் சொல்லாமல் ஒரு டாலரும் அனுப்பாதே. உன்னை வேலைக்கு எடுக்கும் இல்லத்திடமே கேள்: "முதல் ஆறு மாதம் தங்க இடம் காட்டுவீர்களா?" கூச்சப்படாமல் கேள். ஆள் கிடைக்காமல் அவர்களும் தவிக்கிறார்கள், வீடு இல்லாததால் வேலைக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

அப்புறம் தண்ணீர். டவுனைத் தாண்டினால் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறோ போரோதான். இந்த மாகாணத்தின் பாறையில் பல இடங்களில் ஆர்செனிக் என்ற நஞ்சு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறிவாகத்தான் ஆகும். கிருமிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ரசாயனத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது சோதித்தீர்கள், முடிவைக் காட்டுங்கள் என்று கேள். சின்னக் குழந்தை இருக்கிறதே.

ஜூலையில் வெளியே வந்த கதைக்குத் திரும்புகிறேன். நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவரைப் பார்க்க அவருடைய அக்கா வாராவாரம் வருவார். 81 வயது. ஐந்து படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். மறுநாளே சாவியைக் கொடுத்தார். நான்கு வருடம் அங்கே இருந்தேன். விறகு அடுக்கவும், அடுப்புக் குழாயில் கரி படியாமல் பார்த்துக்கொள்ளவும், பனி கெட்டியாவதற்கு முன்பே தள்ளவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நவம்பருக்குள் இரண்டு பெரிய குவியல் விறகை நானே அடுக்குவேன், இப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போவார்கள். நான் மீன் குழம்பு வைத்தால் ஹாடக் மீனை மட்டும் எடுத்து, குழம்பை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்.

ஒரு நாள் அவரிடம், "இவ்வளவு பெரிய வீடு உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். "எனக்கும் வேண்டாம்தான். மூன்று அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன், படி ஏற முடியவில்லை. ஆனால் இதை விற்றுவிட்டு இந்த ஊரில் நான் எங்கே போவேன்? சின்ன வீடே இல்லையே. ஹாலிஃபாக்ஸ் போய் யாரையும் தெரியாமல் சாகவா?" என்றார். எனக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கு இடம் கிடைக்காததற்கும் அவர் அந்தப் பெரிய வீட்டில் மாட்டிக்கொண்டதற்கும் ஒரே காரணம். ஊரில் நாலு சின்ன வீடு இருந்தால் அவர் அங்கே போவார், அந்தப் பெரிய வீட்டில் உன்னைப் போல ஒரு குடும்பம் வரும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடும்.

அப்படி ஒரு கட்டடம் வருவதாகக் கவுன்சிலில் பேச்சு வந்தது. 12 வீடுகள், மூன்றில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு, கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி போகிற மாதிரி. கூட்டத்துக்கு ஊரே வந்தது. போக்குவரத்து கூடும், கிணற்றில் நீர் வற்றும், செப்டிக் தாங்காது, "நம் ஊரின் இயல்பு" கெடும் என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நீரையும் செப்டிக்கையும் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்குப் பொறியாளர் பதில் சொன்னார். மற்றது வெறும் பயம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறொன்று. எனக்குப் பிறகு வந்து, எனக்கு முன்பே வீடு வாங்கிவிட்ட நம் தமிழ்க் குடும்பம் ஒன்றும் எதிர்த்துப் பேசியது. "அமைதிக்காகத்தான் டொராண்டோவை விட்டு வந்தோம், வாடகைக்காரர்கள் வந்தால் வீட்டு மதிப்பு விழும்" என்றார்கள். நாம் எல்லோரும் வாடகைக்காரர்களாக வந்து இறங்கியவர்கள்தானே?

நம்மவர்களில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு வீட்டை வாங்கி, நிலவறையில் தடுப்புப் போட்டு, படிக்க வந்த பிள்ளைகளை அறைக்கு மூன்று பேர் என்று அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது. உதவி என்று வேறு சொல்வார்கள். 2022 டிசம்பரில் கேப் பிரெட்டனில் உள்ள சிட்னி நகரத்தில் மாணவர்கள் தங்கியிருந்த வீடு தீப்பற்றி, இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் இறந்துபோனான். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை என்னிடம் அறை பற்றிக் கேட்டாலும் முதலில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, சன்னல் வழியாக வெளியே வர முடியுமா என்றுதான் கேட்கிறேன். உனக்கும் அதேதான். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக நம்பாதே.

அந்தக் கூட்டத்தில் நானும் எழுந்து பேசினேன். என் ஆங்கிலம் அன்று நடுங்கியது. டொம்ப்கின்ஸ்வில் என்ற குடியிருப்பு உருவான கதையைச் சொன்னேன். கேப் பிரெட்டனில் ரிசர்வ் மைன்ஸ் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனியின் ஓட்டை வீடுகளில் இருந்தார்கள். ஜிம்மி டொம்ப்கின்ஸ் என்ற பாதிரியார் அவர்களைக் குழுவாக உட்காரவைத்துப் படிக்கவைத்தார். மேரி ஆர்னல்ட் என்ற அமெரிக்கப் பெண் கூட இருந்து வழிகாட்டினார். கணக்குப் படித்து, வரைபடம் படித்து, அரசுக் கடனோடு சொந்த உழைப்பையும் முதலாகப் போட்டு, 1938இல் 11 குடும்பங்கள் தங்கள் கையாலேயே 11 வீடு கட்டிக் குடியேறின. அதெல்லாம் ஆன்டிகனிஷில் இருந்து கிளம்பிய கூட்டுறவு இயக்கத்தின் வேலை. செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோடி என்ற பாதிரியார் 1928இல், ஊர் மக்களுக்குக் கல்வி கொண்டுபோகும் விரிவாக்கத் துறையை ஏற்று நடத்தியதிலிருந்து அது வளர்ந்தது. "உங்கள் தாத்தாக்கள் செய்ததை நான் புதிதாகக் கேட்கவில்லை" என்று முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. ஆனால் இரண்டு பேர் வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

12 வீடு 8 ஆகக் குறைந்து, ஒன்றரை வருடம் இழுத்து, கட்டடம் வந்தது. எனக்குச் சாவி கொடுத்த அந்தப் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வசந்தத்தில், அந்தப் படியிலேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் மணப்பாட்டுக்காரி என்று சொன்னேன் அல்லவா? பிரான்சிஸ் சேவியர் என்கிற நம் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நான் கடலைத் தாண்டி வந்து இறங்கிய இடத்தில் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர். முதல் வருடம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் மணல் காலில் படுகிற மாதிரி இருக்கும். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் அடித்தபோது எங்களுக்குப் பத்து நாள் மின்சாரம் இல்லை. நான் அப்போது சொந்த வீட்டுக்கு வந்திருந்தேன். விறகு அடுப்பு இருந்ததால் தெருவில் பாதிப் பேர் என் சமையலறையில்தான் சாப்பிட்டார்கள். கூட்டத்தில் கட்டடத்தை எதிர்த்துப் பேசிய அந்தத் தமிழ்க் குடும்பமும் வந்தது. இரவு நிலவறையைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன், "இதை ஒரு சின்ன வீடாக மாற்றலாமே" என்றார். பின்பக்க வீடு, நிலவறை வீடு என்று கட்டிக் குறைந்த வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மாகாண அரசு கடன் தருகிறது, நிபந்தனைப்படி நடந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. போன வருடம் அதைத்தான் முடித்தேன். தனி வாசல், பெரிய சன்னல், இரண்டு அறை.

இப்போது அதில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், ஆகஸ்டில் ஹாலிஃபாக்ஸ் மாறிப் போகிறாள். உன் வேலை எங்கள் பக்கம் என்றால் 20 நிமிட கார்ப் பயணம். ஆண்டு ஒப்பந்தம்தான் போடுவேன், அரை மாத அட்வான்ஸ், வெப்பம் வாடகையில் சேர்த்தி, தண்ணீர்ச் சோதனை முடிவைப் படமெடுத்து அனுப்புகிறேன். என்னையும் நம்பாதே. உங்கள் இல்லத்தில் யாரையாவது வந்து பார்க்கச் சொல். வேறு இடம் கிடைத்திருந்தால் அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, ஒரு வரி விடாமல் படித்துச் சொல்கிறேன். எந்த மாதம் வருகிறாய் என்று மட்டும் உடனே எழுது.