ஒரு தட்டு மாவு, 16 துண்டு: ட்ரே கேக் கேள்வி பதில்

முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், மாலை நாலு மணியானால் "என்ன இருக்கு" என்று வந்து நிற்கிறார்கள். பேக்கரியில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே ட்ரே கேக் போட வழி சொல்லுங்கள் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேலூர் தோரப்பாடியில் 12 வருடமாக என் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்து வருகிறேன், அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து: அக்கா, ட்ரே கேக் என்றால் என்ன, சாதாரண கேக்கோடு என்ன வித்தியாசம்? எனக்கு ஒரே ஒரு அளவு சொல்லுங்கள், அதை வைத்தே ஓட்டிக்கொள்கிறேன்.

தட்டையான சதுரத் தட்டில் ஒரே மாவாக ஊற்றி, வெந்ததும் பர்ஃபி மாதிரி துண்டு போடுவதுதான் ட்ரே கேக். கிரீம் கிடையாது, அடுக்கு கிடையாது. முதன்முதலில் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் மாவு மெல்லிசாக இருப்பதால் நடுவில் வேகாமல் போவது குறைவு, கேஸும் குறைவாகத்தான் ஆகும். முட்டை இல்லாத அளவு இது: மைதா ஒன்றரை கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், கெட்டித் தயிர் 1 கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். தயிரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள் (வெல்லத்தில் மண் இருக்கும், இதை மட்டும் விடாதீர்கள்), அதில் சோடாவும் பேக்கிங் பவுடரும் போட்டு 5 நிமிடம் விட்டால் நுரைத்து வரும், அப்புறம் எண்ணெய், கடைசியில் சலித்த மைதா. மாவு போட்ட பிறகு ரொம்பக் கலக்காதீர்கள், கலக்கக் கலக்க கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். 8 அங்குலத் தட்டு, ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், 25 முதல் 30 நிமிடம். போன வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 70 ரூபாய்க்குள் முடிந்தது. 16 துண்டு வந்தது, ஒரு துண்டுக்கு நாலு ரூபாய் சொச்சம்.

ஆம்பூரிலிருந்து: எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. வாங்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆம்பூர்க்காரர் வீட்டில் பிரியாணி செய்கிற பழைய தேக்சா பாத்திரம் ஒன்று இருக்குமே, அது போதும். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு மாவுத் தட்டை உள்ளே வைத்து, தீயைச் சிறிதாக்கி, 40 நிமிடம் திறக்காமல் விடுங்கள். குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படிக் காலியாகக் காய வைக்காதீர்கள். ஒரு விஷயம் மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்: சூடு அடியிலிருந்துதான் வருகிறது, அதனால் மேல்பக்கம் சிவக்காது, வெளுப்பாகவே இருக்கும். தம் பிரியாணிக்கு மூடி மேல் தணல் போடுவது எதற்கென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேக்குக்கு அது தேவையில்லை, மேலே எள்ளோ பொடித்த மல்லாட்டையோ (வேர்க்கடலை) தூவிவிட்டால் வெளுப்பு தெரியாது.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அப்பா: ஓ.டி.ஜி. (கரண்டில் ஓடும் சின்ன ஓவன்) வாங்கிவிட்டேன், கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் தம்பி. 1500 வாட் ஓ.டி.ஜி. 40 நிமிடம் விடாமல் ஓடினால்தான் 1 யூனிட், அதுவும் சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறைவாகவே ஆகும். ஒரு தட்டு வெந்ததும் அந்தச் சூட்டிலேயே இரண்டாவது தட்டையும் வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுகிற நம் ஊரில் மதியம் அடுப்படியில் நிற்க முடியாது, நான் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுவேன்.

குடியாத்தத்திலிருந்து: மைதா வேண்டாம் என்று கேழ்வரகு மாவு மட்டும் போட்டேன். உதிர்ந்து மண்ணாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். கோதுமையிலும் மைதாவிலும் இருக்கிற பசை கேழ்வரகில் இல்லை, மாவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. பாதி கேழ்வரகு, பாதி கோதுமை மாவு, அதற்கு மேல் போகாதீர்கள். கேழ்வரகு மாவை வாசனை வரும்வரை லேசாக வறுத்துக்கொண்டால் பச்சை வாடை போய்விடும். கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டை மசித்துப் போட்டால் பிடிப்பும் வரும், இனிப்பும் வரும், அப்போது தயிரைக் கால் கப் குறைத்துக்கொள்ளுங்கள். செக்கு மல்லாட்டை எண்ணெய் வெண்ணிலா கேக்கில் தூக்கலாக மணக்கும், ஆனால் கேழ்வரகும் வெல்லமும் சேர்ந்த கேக்குக்கு அதைப் போல வேறு எண்ணெய் கிடையாது. என் பிள்ளைகளுக்குப் பிடித்ததும் இதுதான்.

ராணிப்பேட்டையிலிருந்து: நன்றாக எழும்பி வந்து, வெளியே எடுத்ததும் நடுவில் குழி விழுந்துவிடுகிறது.

மூன்று காரணம் இருக்கலாம். பாதியில் திறந்து பார்த்திருப்பீர்கள். 20 நிமிடம் ஆகும்வரை தொடவே கூடாது. அல்லது இன்னும் எழும்பட்டும் என்று சோடாவைக் கூட்டியிருப்பீர்கள். அல்லது நடுவில் வேகவில்லை. தென்னங்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. எழும்பவே இல்லை என்றால் அது வேறு கதை, பேக்கிங் பவுடர் பழசு. ஒரு கடையில் பொட்டலமாக வாங்கி வந்து என் பெரியவளின் பிறந்தநாளுக்குச் செய்த இரண்டு தட்டும் பலகை மாதிரி ஆகிவிட்டது, அவள் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பார்க்காமல் நான் மாவு கலப்பதில்லை. பொங்கினால் நல்லது, பொங்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

ஆரணியிலிருந்து: பட்டர் பேப்பருக்குப் பதில் செய்தித்தாள் போடலாமா?

கூடவே கூடாது. அச்சு மை சாப்பாட்டில் இறங்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே செய்தித்தாளில் உணவைச் சுற்ற வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. தட்டில் எண்ணெய் தடவி மைதா தூவித் தட்டிவிட்டால் போதும்.

பாகாயத்திலிருந்து: மூத்தவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 3. அடுப்பே வைக்காத மாதிரி, கடிக்க மொறுமொறுப்பாக ஏதாவது உண்டா?

அடுப்பு வேண்டும், ஆனால் வேலை குறைவு. இங்கிலாந்தில் பிளாப்ஜாக் என்று ஓட்ஸ் துண்டு பிள்ளைகளுக்குச் செய்வார்கள். 125 கிராம் வெண்ணெய், 125 கிராம் வெல்லப்பொடி, 2 மேஜைக்கரண்டி தேன், மூன்றையும் உருக்கி 250 கிராம் ஓட்ஸில் கலந்து, தட்டில் அழுத்தி 180 டிகிரியில் 20 நிமிடம். சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டு, முழுதாக ஆறிய பிறகு எடுங்கள், அவசரப்பட்டால் பொலபொலவென்று போய்விடும். மூத்தவனே தட்டில் அழுத்தட்டும், அந்த வேலை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சின்னவளுக்கு மட்டும் கவனம்: 5 வயது வரை முழு மல்லாட்டை, முழு முந்திரி எதிலும் போடாதீர்கள், தொண்டையில் சிக்கும், பொடித்துப் போடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது.

மறுபடி காட்பாடி: மீந்தால் எத்தனை நாள் வைக்கலாம் அக்கா?

ஓட்ஸ் துண்டு டப்பாவில் ஒரு வாரம் நிற்கும். தயிரும் வாழைப்பழமும் போட்டது இந்த வெயிலில் வெளியே ஒரு நாள்தான், மறுநாள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நன்றாக ஆறுவதற்கு முன் டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்து நசநசத்துவிடும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் வரை போனதில்லை.